மூன்று அரசுகளின் கதையை வாசித்து முடிக்கும் வழி

சீனாவின் செவ்வியல் புதினங்களில் தலையாய நான்கு என்று எண்ணப்படுபவற்றுள் ‘சான்குவோ யான்யீ’ ஒன்று. தமிழில் இதை ‘மூன்று அரசுகளின் கதை’ என்று சொல்லலாம். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லுவோ குவான்ஜோங் எழுதியதாக மரபு கூறும் இந்த நூல், கி.பி. 184ஆம் ஆண்டில் வெடித்த மஞ்சள் தலைப்பாகைக் கலகத்தால் ஹான் பேரரசு ஆட்டம் காண்பதையும், நாடு வெய், ஷூ, வூ என்று மூன்றாகப் பிரிந்து மோதுவதையும், 280ஆம் ஆண்டில் ஜின் அரசின் கீழ் மறுபடியும் ஒன்றாவதையும் 120 அத்தியாயங்களில் சொல்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாந்தர்கள் இதில் வந்து போகிறார்கள். ஆசையோடு கையில் எடுப்பவர்களில் பலர் பத்தாவது அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. முதல் முறை நானும் தாண்டவில்லை. கொடுங்கோலன் டோங் ஜுவோ ஒன்பதாவது அத்தியாயத்தில் கொல்லப்பட்டதும், இனி யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்து முழுவதும் படித்தேன். இடையில் மாறியது என் வாசிப்பு முறைதான். முதல் முறை இதை வரலாற்று நூலாகக் கருதி, ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் மனத்தில் இருத்த முயன்று களைத்துப் போனேன். இது கதைசொல்லிகளின் வாயிலிருந்து வளர்ந்து வந்த நூல் என்பதும், எங்கெல்லாம் அது வரலாற்றை வளைத்ததோ அங்கெல்லாம்தான் சீனர்களின் பேச்சிலும் வழிபாட்டிலும் மேடையிலும் ஆழமாக வேரோடியது என்பதும் பிறகே புரிந்தன. அந்தப் புரிதலோடு தொடங்குபவருக்கு உதவக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பதிப்பைப் படிப்பது

இன்று கிடைக்கும் அச்சுப் பதிப்புகளில் மிகப் பழையது 1522ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆயினும் பரவலாகப் படிக்கப்படுவது, 1660களில் மாவ் லுன் என்பவரும் அவர் மகன் மாவ் ஜோங்காங்கும் திருத்தி, உரையும் எழுதிச் சேர்த்த வடிவம்தான். “நெடுங்காலம் பிரிந்திருந்த நாடு ஒன்றாகியே தீரும், நெடுங்காலம் ஒன்றாயிருந்த நாடு பிரிந்தே தீரும்” என்ற புகழ்பெற்ற தொடக்கம்கூட அவர்கள் கைவண்ணமே. அதற்கு முன்னால் நிற்கும், கிழக்கு நோக்கி ஓடும் பேராற்றைப் பற்றிய கவிதை, லுவோ குவான்ஜோங்குக்குப் பின் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யாங் ஷென் எழுதியது. ஒருவர் எழுதியதாகப் பெயர் பெற்ற நூலின் முதல் பக்கத்திலேயே பல தலைமுறைகளின் கைகள் படிந்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இரண்டு முழு மொழிபெயர்ப்புகள் முக்கியமானவை. சி. எச். புரூவிட்-டெய்லர் செய்தது 1925இல் வெளிவந்தது. மாஸ் ராபர்ட்ஸ் செய்தது 1991இல் வெளிவந்தது. இரண்டாவதில் விரிவான குறிப்புகள் இருப்பதால் அதையே பரிந்துரைப்பேன். முதலாவதின் மூலப் பதிப்பு பழைய எழுத்துக்கூட்டல் முறையைப் பின்பற்றுவதால், ஒரே ஆள் இரண்டு நூல்களில் இரண்டு பேரைப் போலத் தோன்றுவார். ஆகவே பாதியில் மொழிபெயர்ப்பை மாற்றாதீர்கள். புதிய எழுத்துக்கூட்டலில் வெய் அரசின் தலைவன் பெயரைக் ‘காவோ காவோ’ என்று படித்துவிடும் வாய்ப்பு உண்டு. ‘C’ என்ற அந்த ரோமன் எழுத்துக்குச் சீனத்தில் ‘த்ஸ’ என்ற ஒலி, எனவே ‘சாவோ சாவோ’ என்பதே நெருங்கியது. சுருக்கப் பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். சுருக்கும்போது போர்கள் மிஞ்சும், தூதர்களின் வாதங்களும் கடிதங்களும் அவைப்பேச்சுகளும் போய்விடும்; இந்த நூலில் வாளைவிட நாக்கு வென்ற இடங்களே அதிகம்.

பெயர்களை எப்படிக் கையாள்வது

வாசகரை வீழ்த்துவது பெயர்கள்தான் என்பதால் இதற்குச் சற்று நேரம் ஒதுக்கவேண்டும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும்: ஷூ அரசை நிறுவிய லியூ பெய்யின் பெயரில் லியூ குடும்பம், பெய் இயற்பெயர். இதற்கு மேல், ஆண்மகன் வயதுக்கு வந்ததும் வழங்கப்படும் மதிப்புப் பெயர் ஒன்று உண்டு. லியூ பெய்க்கு ஷுவான்டே, அவருடைய உறுதிமொழிச் சகோதரர்களான குவான் யூவுக்கு யுன்சாங், சாங் ஃபெய்க்கு யீடே, அவருடைய மதியூகி ஜூகே லியாங்குக்குக் கோங்மிங், சாவோ சாவோவுக்கு மெங்டே. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கும் நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும். ஒத்த நிலையில் உள்ளவர்கள் மதிப்புப் பெயரால் அழைத்துக்கொள்வார்கள்; எதிரியின் முகத்துக்கு நேரே இயற்பெயரைச் சொன்னால் அது வசை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாவ் பதிப்பில் கதைசொல்லி லியூ பெய்யை ஷுவான்டே என்றும், ஜூகே லியாங்கைக் கோங்மிங் என்றும், குவான் யூவைக் ‘குவான் பெருமகன்’ என்றும் மரியாதையோடு குறிப்பிடுவார். சாவோ சாவோவை மட்டும் வெறும் இயற்பெயரால், ‘சாவோ சொன்னான்’ என்று எழுதுவார். நூல் யார் பக்கம் நிற்கிறது என்பதை அறிய வேறு சான்று தேவையில்லை. உங்கள் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மூன்று அரசுகளுக்கு மூன்று பக்கங்கள், அதற்கு முந்தைய குழப்பக் காலத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயர் வந்தவுடன் எழுதவேண்டாம். மூன்றாவது முறை வரும்போது எழுதினால் போதும். ஒரே அத்தியாயத்தில் தோன்றி அதிலேயே தலை இழக்கும் தளபதிகள் ஏராளம், அவர்களை நினைவில் வைக்க நூலே எதிர்பார்ப்பதில்லை. இயற்பெயர், மதிப்புப் பெயர், யாரிடம் பணி செய்கிறார் என்ற மூன்றும் போதும். மூன்றாவதை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், ஏனெனில் ஆட்கள் அடிக்கடி பக்கம் மாறுவார்கள். இருபது பெயர்கள் கைவசமானால் நூல் வழிவிடும்.

வரைபடம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். வடக்கே மஞ்சள் ஆற்றுச் சமவெளியும் லுவோயாங் நகரமும் சாவோ சாவோவின் களம். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்றைய நான்ஜிங்கைச் சுற்றியது சுன் குடும்பத்தின் வூ. மேற்கே மலைகள் சூழ்ந்த சிச்சுவானில், செங்டுவைத் தலைநகராகக் கொண்டது ஷூ. மூன்றுக்கும் நடுவே யாங்சியின் இடைப்பகுதியில் இருக்கும் ஜிங்ஜோ மாநிலத்துக்குத்தான் பாதி நூல் முழுக்க அடிதடி. அதை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டால் குவான் யூ ஏன் செத்தார், லியூ பெய் ஏன் எல்லாவற்றையும் பணயம் வைத்துத் தோற்றார் என்பது தானாக விளங்கும்.

எந்த வேகத்தில் படிப்பது

ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சோடு நின்று, அடுத்து என்ன ஆயிற்று என்பதை அடுத்த பகுதியில் கேளுங்கள் என்று சொல்லி முடியும். ‘கேளுங்கள்’ என்ற சொல்லிலேயே இதன் பிறப்பு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சூ ஷி, கதைசொல்லியிடம் மூன்று அரசுகளின் கதை கேட்கும் குழந்தைகள் லியூ பெய் தோற்றால் முகம் சுளித்து அழுததையும், சாவோ சாவோ தோற்றால் துள்ளி மகிழ்ந்ததையும் பதிவு செய்திருக்கிறார். புதினம் எழுதப்படுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் யார் பக்கம் என்பது தீர்மானமாகிவிட்டது. ஆகையால் ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், முடிந்தால் ஒன்றை வாய்விட்டு, என்பதே சரியான அளவு. மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் 33 அத்தியாயங்களில் வடக்கே பலர் முட்டிமோதி, சாவோ சாவோ தலையெடுக்கிறார். களைப்பு தட்டினால் 10க்குப் பிறகு சற்று வேகமாகப் போகலாம். ஆனால் 21ஆம் அத்தியாயத்தையும், குவான் யூ சாவோ சாவோவிடம் சிக்கி மீளும் 25 முதல் 28 வரையுள்ளவற்றையும், 200ஆம் ஆண்டின் குவாண்டு போரைச் சொல்லும் 30ஐயும் விட்டுவிடாதீர்கள். 34லிருந்து 50 வரை நூலின் உச்சம்: லியூ பெய் மூன்று முறை தேடிப்போய் ஜூகே லியாங்கை ஓலைக்குடிலில் சந்திப்பதும், 208ஆம் ஆண்டின் செம்பாறைப் போரும் இங்கேதான். 77இல் குவான் யூவும், 78இல் சாவோ சாவோவும், 85இல் லியூ பெய்யும் மறைகிறார்கள். 104இல், 234ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், போர்முனையிலேயே ஜூகே லியாங் இறந்ததும் நூலை மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள். மிச்சம் 16 அத்தியாயங்கள் வேகமானவை. எந்த அரசுக்காக இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்களோ அது வாரிசுகளின் கையில் எப்படிக் கரைகிறது என்பதைக் காணாமல் முந்தைய தியாகங்களின் எடை தெரியாது.

ஒரு காட்சியை நெருங்கிப் பார்த்தல்

ஐந்தாவது அத்தியாயத்தில் வரும் சூடான மதுவின் காட்சியை முதல் வாசிப்பிலேயே நிதானமாகப் படியுங்கள். டோங் ஜுவோவை எதிர்க்கப் பெருந்தலைவர்கள் கூடியிருக்கிறார்கள். எதிரித் தளபதி ஹுவா ஷியோங் அடுத்தடுத்து வீரர்களை வெட்டி வீழ்த்த, கூடாரத்தில் முகங்கள் வெளுக்கின்றன. பின்னால் நின்ற ஒருவர் நான் போகிறேன் என்கிறார். யார் என்று கேட்டால், குதிரை வில்லாளி என்ற தாழ்ந்த பதவியில் இருக்கும் குவான் யூ. ஒரு தலைவர் சினந்து விரட்டப் பார்க்கிறார். சாவோ சாவோ மட்டும் ஆளை எடைபோட்டு, ஒரு கோப்பை மதுவைச் சூடாக்கி நீட்டுகிறார். ஊற்றி வையுங்கள், போய்விட்டு வந்து குடிக்கிறேன் என்று குவான் யூ வெளியேறுகிறார். அதன் பிறகு நாம் கூடாரத்தை விட்டு வெளியே போவதே இல்லை. முரசொலி, வானம் இடிந்து விழுவது போன்ற கூச்சல், என்ன நடந்தது என்று விசாரிக்க ஆள் அனுப்பப் போகும் நேரத்தில் குதிரையின் மணியோசை. உள்ளே வந்த குவான் யூ ஹுவா ஷியோங்கின் தலையைத் தரையில் எறிகிறார். மது இன்னும் ஆறவில்லை.

ஒரு வெட்டுக்கூடக் காட்டப்படவில்லை. போரின் நீளத்தைக் கோப்பையின் சூடு அளந்துவிட்டது. கேட்பவரின் காதை மட்டும் நம்பிக் கதை சொன்ன மரபின் திறமை இது. அதோடு சாவோ சாவோவைக் கவனியுங்கள்: கதைசொல்லியின் வெறுப்புக்கு ஆளான அவர்தான் அந்தக் கூடாரத்தில் பதவி பார்க்காமல் மனிதனைப் பார்த்தவர். நூல் தன் சாய்வை மீறி உண்மையாக இருக்கும் இத்தகைய இடங்களுக்காகவே நான் இதை நேசிக்கிறேன். வரலாற்றில் ஹுவா ஷியோங்கை வீழ்த்தியது வேறு ஆள்: வூ அரசின் மூதாதை சுன் ஜியானின் படை. புகழ் ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

வரலாற்றோடு ஒப்பிடுவது எப்படி

அத்தியாயத்தை முடித்த பிறகே வரலாற்றைத் தேடவேண்டும். இடையில் தேடினால் கதையின் மூச்சு அறுந்துவிடும். அடிப்படை நூல் 3ஆம் நூற்றாண்டில் சென் ஷோ தொகுத்த ‘மூன்று அரசுகளின் வரலாறு’. அதற்கு 429ஆம் ஆண்டில் பெய் சோங்ஜி எழுதி முடித்த உரை, இன்று தொலைந்துபோன பல நூல்களிலிருந்து துணுக்குகளை எடுத்துச் சேர்த்திருக்கிறது. புதினக்காரருக்குப் பெரும் சுரங்கமாக இருந்தது இந்த உரைதான். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜாங் ஷுவேசெங், புதினத்தில் ஏழு பங்கு உண்மை, மூன்று பங்கு கற்பனை என்றும், அந்தக் கலவை வாசகரைக் குழப்புகிறது என்றும் குறைபட்டார்.

நான்காவது அத்தியாயத்தில் தப்பியோடும் சாவோ சாவோ, தந்தையின் நண்பர் லூ போஷே வீட்டில் தங்குகிறார். கத்தி தீட்டும் ஓசை கேட்டு, தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று தவறாக நினைத்துக் குடும்பத்தையே வெட்டிவிட்டு, பிறகு கட்டிப்போட்ட பன்றியைக் காண்கிறார். “நான் உலகத்துக்குத் துரோகம் செய்தாலும் செய்வேன், உலகம் எனக்குத் துரோகம் செய்ய விடமாட்டேன்” என்று பின்னர் சொல்கிறார். சீனத்தில் இந்த ஒரு வாக்கியம்தான் அவரை நிரந்தரக் கொடியவராக்கியது. பெய் சோங்ஜியின் உரையில் இதற்கு மூலம் இருக்கிறது; ஆனால் அங்கே ‘உலகம்’ என்ற சொல் இல்லை. நான் பிறருக்குத் தீங்கு செய்ய நேர்ந்தாலும், பிறர் எனக்குச் செய்யவேண்டாம் என்பதுதான் வாசகம்; அதையும் அவர் துயரத்தோடு சொன்னார் என்று அந்தப் பழைய குறிப்பு கூறுகிறது. இன்னொரு குறிப்பின்படி அந்த வீட்டார்தான் முதலில் அவரைத் தாக்கிக் கொள்ளையிட முயன்றார்கள். ஒரு சொல்லைச் சேர்த்து, துயரத்தை எடுத்துவிட்டால் ஒரு மனிதனின் பெயர் பல நூற்றாண்டுகளுக்கு எப்படி மாறிப்போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் படித்ததில்லை.

மற்றவற்றை நீங்களே ஒப்பிடலாம். வைக்கோல் படகுகளால் எதிரியின் அம்புகளைக் கவரும் 46ஆம் அத்தியாயத்தின் தந்திரம், வேறொரு போரில் வூ அரசின் தலைவர் சுன் குவானின் படகு அம்புகளால் ஒருபக்கம் சாய்ந்தபோது அதை அவர் திருப்பிக் காட்டிச் சமன் செய்ததாக வரும் குறிப்பிலிருந்து முளைத்தது. ஜூகே லியாங் திறந்த கோட்டையில் யாழ் மீட்டி வெய் தளபதி சிமா யீயை விரட்டும் 95ஆம் அத்தியாயத்தின் கதையை, சிமா யீ அப்போது அங்கே இல்லை என்று காட்டிப் பெய் சோங்ஜியே மறுத்திருக்கிறார். பொறாமையால் வெந்து சாகும் வூ தளபதி ஜோ யூ, வரலாற்றில் பெருந்தன்மைக்குப் பேர் போனவர். லியூ பெய்யின் கருணையைக் காட்டப் போய் அவரைப் போலியாகவும், ஜூகே லியாங்கின் அறிவைக் காட்டப் போய் அவரை மாயாவி போலவும் ஆக்கிவிட்டது நூல் என்று 20ஆம் நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் லூ ஷுன் சொன்னது நியாயமான விமர்சனம். ஆயினும் 104ஆம் அத்தியாயத்தில் நோயுற்ற உடலோடு குளிர்காற்றில் பாசறைகளைக் கடைசியாகச் சுற்றிப் பார்க்கும் ஜூகே லியாங்கிடம் மாயம் எதுவும் இல்லை.

செல்வாக்கை எங்கே தேடுவது

முதலில் பேச்சில். ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டால் நாம் ‘உனக்கு ஆயுசு நூறு’ என்போம். சீனர்கள் ‘சாவோ சாவோவின் பேச்சை எடுத்தால் சாவோ சாவோ வந்து நிற்பார்’ என்பார்கள். எல்லாம் கூடியும் முக்கியமான ஒன்று குறைந்தால், செம்பாறையில் தீப்படகுகளை ஏவக் காத்திருந்த ஜோ யூவை நினைத்து ‘கிழக்குக் காற்று மட்டும்தான் பாக்கி’ என்பார்கள். மூன்று சாதாரண செருப்புத் தைப்பவர்கள் கூடினால் ஒரு ஜூகே லியாங்குக்கு ஈடு என்பதும், வேலை ஓரிடம் மனம் ஓரிடம் என்று இருப்பவரை ‘உடல் சாவோவின் பாசறையில், உள்ளம் ஹானில்’ என்பதும் அன்றாட வழக்கு. நூலைப் படிக்கும்போதே இத்தகைய தொடர்கள் பிறக்கும் இடங்களைக் குறித்துவைத்தால், பிறகு எந்தச் சீனப் படத்தையோ செய்தியையோ பார்த்தாலும் அவை காதில் விழும்.

அடுத்து கோயில்களில். குவான் யூவின் வழிபாடு புதினத்துக்கு முந்தியது; புதினமும் நாடகமும் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. மிங் அரச மரபின் காலத்தில் அவருக்குப் பேரரசர் என்ற பட்டமே கிடைத்தது. வணிகர்கள் சொன்ன சொல் காப்பவர் என்று அவரை வணங்குகிறார்கள்; ஹாங்காங்கில் காவலர்களும் அவர்கள் துரத்தும் இரகசியக் கும்பல்களும் அதே குவான் யூவுக்கு ஊதுவத்தி ஏற்றுகிறார்கள், ஏனெனில் இரு தரப்புக்கும் சகோதர விசுவாசமே முதல் தர்மம். பீகிங் இசை நாடகத்தில் அவர் முகம் சிவப்பு, சாவோ சாவோவின் முகம் சூழ்ச்சியைக் குறிக்கும் வெள்ளை. நாடகப் பதிவு ஒன்றைப் பார்த்தால், கூடாரக் காட்சியில் நீங்கள் கண்ட இருவரும் இப்படி நிறமாக உறைந்துபோனதைக் காணலாம்.

சீனாவுக்கு வெளியே இது பரவிய விதமும் தனிக் கதை. 1650இல் மஞ்சு மொழியிலும், 1690 வாக்கில் ஜப்பானிய மொழியிலும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்லாந்து மொழியிலும் மொழிபெயர்ப்புகள் வந்தன. ஜப்பானில் 1985இல் இதை வைத்து உருவாக்கப்பட்ட கணினி விளையாட்டு, பிறகு வந்த பல தொடர்ச்சிகளோடு உலகெங்கும் போய்ச்சேர்ந்தது. விளையாட்டு வழியாகப் பெயர்களை அறிந்தவர்களுக்கு இந்த நூலில் பாதி வேலை முடிந்தது போலத்தான்.

இரண்டாம் வாசிப்பு

முழுவதும் படித்து முடித்தவருக்கு ஒரு பயிற்சி. நாயகர்களை விட்டுவிட்டு வூ அரசின் லூ சூவை மட்டும் தொடருங்கள். செம்பாறை அத்தியாயங்களில் அவர் ஜூகே லியாங், ஜோ யூ என்ற இரு பெரும் மூளைகளுக்கு இடையே ஓடித் திரியும் வெள்ளந்தி மனிதர். 66ஆம் அத்தியாயத்தில் குவான் யூ அவர் கையைப் பிடித்து ஆற்றங்கரை வரை இழுத்துப்போகிறார். சென் ஷோவின் வரலாற்றிலோ அந்தச் சந்திப்பில் குவான் யூவை நேருக்கு நேர் கடிந்துகொண்டவர் லூ சூ. சாவோ சாவோவை எதிர்த்துப் போரிட முதலில் வற்புறுத்தியவரும் அவரே. புதினமும் இதை முழுவதும் மறைக்கவில்லை. 29ஆம் அத்தியாயத்தில், ஹான் ஆட்சியை இனி மீட்க முடியாது, சாவோ சாவோவை உடனே வீழ்த்தவும் முடியாது, ஆற்றின் தென்கரையைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள் என்று அவர் சுன் குவானிடம் சொல்லும் சில வரிகளைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 38ஆம் அத்தியாயத்துக்குப் போய், ஓலைக்குடிலில் ஜூகே லியாங் வரைபடத்தை விரித்து லியூ பெய்யிடம் சொல்லும் புகழ்பெற்ற திட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.